நாட்டுக்கு ஆகிற புத்தி

அதிபராக ஆசைப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. என் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுதாகி இரண்டு ரமலான் போய்விட்டது. மேலே வந்து சேர்கிறவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவார். அதற்குள் பாதித் தீர்ப்பை மனதுக்குள் எழுதி முடித்திருப்பேன்.

என் பெயர் ஸக்கியா. மனநல மருத்துவர். ஓரானுக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடங்களாக இருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொடுத்த மருத்துவர் என்பதால் என் முத்திரைக்குத் தனி மரியாதை உண்டு. அதிபர் தேர்தலில் நிற்க விரும்புகிற எவரும், மற்ற காகிதங்களோடு, உடலாலும் மனதாலும் தகுதியானவர் என்று என்னைப் போன்ற ஒருவர் எழுதிக் கொடுத்த சான்றிதழை வைக்க வேண்டும். எங்கள் அல்ஜீரியாவில் அதிபராக வேறு என்ன தகுதி வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அந்த ஜூன் மாதம் ஒரே வாரத்தில் ஆறு பேர் வந்தார்கள். சகாரா மணலை ஐரோப்பாவுக்கு விற்றுக் கடனில்லாத நாடாக்கப் போவதாகச் சொன்ன முடிதிருத்துகிறவர். உடல் தகுதியை நிரூபிக்க என் தரையிலேயே தண்டால் எடுத்துக் காட்டிய உடற்பயிற்சி ஆசிரியர். யாரும் ஜெயிக்கப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். தலைநகருக்குப் போய், தேர்தல் அலுவலகத்தில் படிவக் கட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் நிற்கும் கேமராவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வருவதில் ஒரு சுகம். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். ஆறாவது ஆள் வரும்போது அது பத்து நிமிடமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஹஷ்மி வந்தார். ஒரு கட்சியின் தலைவர், மாவட்டம் முழுக்கச் சுவரொட்டியில் சிரிக்கிறவர். வந்தார் என்று சொல்வதும் தவறு. அவருடைய உதவியாளன்தான் மேலே வந்தான், கையில் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த சான்றிதழோடு.

"தலைவர் கீழ கார்ல இருக்காரு டாக்டர். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"ஆளைப் பாக்காம எப்பிடிப் போடறது?"

"முக்கியமான போன்ல இருக்காரு. மூணு மாடி வேற. முட்டி வலி."

"முட்டி வலிக்கிறவரா நாட்டைத் தூக்கி நிறுத்தப் போறாரு?" என்றாள் கைரா. கைரா என் செவிலி. இருபது வருடமாக என் அறைக் கதவைக் காக்கிறாள், வாயை மட்டும் காப்பதில்லை.

நானே இறங்கிப் போனேன். கருப்புக் கார், கண்ணாடி ஏற்றி, உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. உதவியாளன் தட்டியதும் கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது. ஹஷ்மி காதிலிருந்து போனை எடுக்காமலே எனக்கு ஸலாம் சொன்னார்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றேன். எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. மறதி நோய் இருக்கிறவர்கள் அங்கேயே தடுக்கி விழுவார்கள்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு உதவியாளன் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு என்னடா தேதி?"

அவன் சொன்னான். அதை அவர் எனக்குச் சொன்னார். கண்ணாடி ஏறியது.

கார் பானட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பானட் கையைச் சுட்டது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை. மறுத்தால் மேலே ஏறிப் போய்க் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்துக்கு நாலு பக்கமிருந்தும் போன் வரும், ஒவ்வொரு போனுக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு படி. களைப்பாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று பிற்பகல் பெனவ்தா வந்தார்.

மூச்சு வாங்காமல் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தது. கையில் தலைநகரில் கொடுக்கிற அந்தப் படிவக் கட்டு. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பேர் கேட்டதும் தெரிந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முன், உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் கெட்ட காலத்தில், போலி ராணுவ உடை போட்டவர்கள் வழிமறித்த ஒரு பேருந்தில் இருந்து உயிரோடு வந்த மூன்று பேரில் ஒருவர். வந்த பிறகு எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வார்டில்தான் இருந்தார். ஒன்பதாவது மாதம் ஒருநாள் காலை, "காபில சக்கரை கம்மி" என்றார். நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது, அழுவதற்குத் தெம்பு இருந்தது.

பிறகு தண்ணீர் வாரியத்தில் சேர்ந்தார். தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுகிற வேலை. மாத்திரையை நானே நிறுத்தி இருபது வருடம் ஆகியிருந்தது.

"உக்காருங்க பெனவ்தா. என்ன இது கையில?"

"அதிபர் தேர்தல் படிவம் டாக்டரம்மா. உங்க பேப்பர் ஒண்ணு வேணும்."

இருபது வருடம் கழித்து, நோய் இப்படித்தான் திரும்பி வருமா?

"நீங்க நிக்கப் போறீங்களா?"

"சட்டப்படி நிக்கலாம்ல?" என்று நிதானமாகக் கேட்டார். "மத்தவங்களைக் கேட்ட அதே கேள்வியை என்னையும் கேளுங்க. கூடவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

தேதி கேட்டேன். தேதி, கிழமை, ஹிஜ்ரி மாதம் எல்லாம் சொன்னார். அதோடு நிற்காமல், மேலத் தெருவுக்கு இன்று தண்ணீர் போயிற்று, நாளை பள்ளிக்கூடத் தெரு முறை, வியாழன் துறைமுகத் தெரு முறை என்றும் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். நான் போதும் என்றும் அவர் நிறுத்தவில்லை, கடைசிவரை போய் மீதி இரண்டு என்றார்.

அறிவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரும் ஆசைதானே புத்தி பிசகுவதன் முதல் அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வால்வு திறக்கிறவர் அதிபராக ஆசைப்பட்டால் அது அறிகுறி, கட்சித் தலைவர் ஆசைப்பட்டால் அது அரசியல். இந்த வித்தியாசம் அன்று எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. கைரா வாசலில் நின்று கண்ணால் ஜாடை காட்டினாள். வெளியே இன்னும் ஒன்பது பேர்.

"பெனவ்தா, இந்தக் கட்டை வீட்ல வச்சிட்டு ஓய்வெடுங்க. பழைய மாத்திரையை ஒரு மாசம் போட்டுப் பாப்போம்."

சீட்டை எழுதி நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஒரு கதவை மெதுவாகச் சாத்துவது போல இருந்தது அவர் எழுந்த விதம்.

"சரி டாக்டரம்மா" என்றார். சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஏன் இந்தக் காகிதம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. முப்பத்து நான்கு வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அந்த ஒரு வார்த்தைதான்.

புதன்கிழமை காலை பெனவ்தாவின் மனைவியின் தம்பி வந்தார். மிலூத், பழைய கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர். கெட்டவர் இல்லை. கையில் எனக்குக் கொடுக்கச் சூடான கடலைமாவுக் கரந்திகா, ரொட்டிக்குள் வைத்துச் சீரகம் தூவியது.

"டாக்டர், எங்க அத்தானுக்கு ஒரு பேப்பர் வேணும்."

"அவருக்கா? நேத்துதான் வந்தாரு."

"வந்தாரா?" மிலூத் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப நீங்களே பாத்துட்டீங்க. அதிபராகப் போறாராம்! பஸ் ஏறித் தலைநகரம் போயி படிவம் வாங்கிட்டு வந்திருக்காரு. எங்க அக்கா அழுவுறா. இதுக்கு மேல என்ன டாக்டர் வேணும்? அவரு புத்தி சரியில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

இந்த முறை கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை அஸருக்கு அப்புறம் துனியாவுக்கு ஃபாத்திஹா ஓதி நிக்காஹ். என் அக்கா பொண்ணு, அவரு மக. மாப்பிள்ளையோட அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறா. பைத்தியம் கையால என் மருமகளை வாங்க மாட்டேன், நாளைக்குப் பேரப்புள்ளைக்கு வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்கறா. நகராட்சில கல்யாணத்தைப் பதியறப்ப பொண்ணுக்கு நான்தான் பொறுப்பாளியா நின்னேன். அத்தான் வாயே தெறக்கல, பின்வரிசைல உக்காந்திருந்தாரு. ஆனா இமாம் விட மாட்டேங்கறாரு. அப்பன் இருக்கும்போது அப்பன்தான் பொண்ணைக் குடுக்கணும், புத்தி போயிடுச்சுன்னா டாக்டர் பேப்பர் கொண்டாங்கறாரு."

கரந்திகா மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. நான் மிலூத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அவரு கையால தண்ணி வாங்கறீங்களா மிலூத்?"

"என்ன டாக்டர்?"

"உங்க தெருவுக்கு என்னைக்குத் தண்ணி வரும்னு யாரைக் கேப்பீங்க?"

"அத்தானைத்தான். அவரு சொன்னா மாறாது." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு மட்டும் ஆசையா டாக்டர்? பொண்ணு வாழ்க்கை. இந்தச் சம்மந்தம் போச்சுன்னா அடுத்தவனும் இதையேதான் சொல்லுவான்" என்றார். அதுவும் பொய்யில்லை.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைரா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நேத்து ராத்திரி டிவில வந்துச்சாம். பாருங்க உங்க ஆளை."

ஹஷ்மியின் பேட்டி. தேர்தல் எந்த மாதம் என்று கேட்கிறாள் பேட்டி எடுக்கும் பெண். அவர் கேமராவுக்கு வெளியே யாரையோ தேடுகிறார். தேடிக்கொண்டே இருக்கிறார். அதற்குக் கீழே, அவரே பெருமையாகப் போட்ட சான்றிதழின் படம். என் முத்திரை, என் கையெழுத்து. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான சிரிப்புகள். யாரோ எழுதியிருந்தார்: இந்த டாக்டரம்மா எங்க வீட்டுக் கழுதைக்கும் குடுப்பாங்களா?

"கழுதையாவது படியேறி வரும்" என்றாள் கைரா.

நான் சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் அந்த நாள் முழுதும் நோயாளிகளைப் பார்த்தேன்.

வியாழன் காலை முதல் முறையாக விடுப்புச் சொல்லிவிட்டுத் துறைமுகத் தெருவுக்குப் போனேன். அன்று அங்கே தண்ணீர் முறை என்று பெனவ்தாவே சொல்லியிருந்தார். தெருமுனையில் மூடியைத் திறந்து வைத்து, ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி நின்றிருந்தார். பக்கத்து வாசல்களில் பெண்கள் நீலக் கேன்களோடு காத்திருந்தார்கள்.

"ஸீ பெனவ்தா, சீக்கிரம் தெறங்க, மூணு நாளா துவைக்கல!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். எங்கள் பக்கம் மரியாதைக்கு 'ஸீ' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"அவசரப்பட்டா குழாய் வெடிக்கும். அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாள்வரைக்கும் துவைக்க முடியாது" என்றார் தலை நிமிராமல். பிறகுதான் என்னைப் பார்த்தார். சாவியை விடவில்லை.

பழைய குழாய். ஒரே மூச்சில் திறந்தால் தாங்காது. கால் சுற்று திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு இன்னொரு கால் சுற்று. முழுதாகத் திறக்க நாற்பது நிமிடம் ஆகும், அதுவரை நகர முடியாது என்றார். நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் நாற்பது நிமிடம்தான் தேவைப்பட்டது.

"ஏன் பெனவ்தா? ஏன் அந்தப் பேப்பர்?"

"செவ்வாக்கெழமையே கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

அவர் கால் சுற்று சுற்றினார். மண்ணுக்கடியில் ஏதோ உறுமியது.

"மிலூத் வந்தானா?"

"வந்தாரு. எல்லாம் சொன்னாரு. ஆனா நீங்க வேற மாதிரி கேட்டிருக்கலாமே. புத்தி நல்லாருக்குன்னு சாதாரணமா ஒரு பேப்பர் கேட்டிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேன்."

"எழுதியிருப்பீங்க. மிலூத் என்ன சொல்லுவான்? பழைய டாக்டரம்மா, பாவம் பாத்துக் குடுத்துட்டாங்கம்பான். மாப்பிள்ளையோட அம்மாவும் அதையேதான் சொல்லுவா. அதான் யோசிச்சேன். பாவம் பாத்துக் குடுக்க முடியாத பேப்பர் இந்த நாட்டுல எதுன்னு யோசிச்சேன். இது ஒண்ணுதான். நாட்டையே ஒருத்தன் கையில குடுக்கற விஷயம், அதுல எவளும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட மாட்டா." சாவியில் சாய்ந்துகொண்டார். "நான் அதிபராகி என்ன டாக்டரம்மா பண்ணப் போறேன்? எனக்கு இந்தக் குழாயே போதும். நாட்டுக்கு ஆகிற புத்தி என் மகளுக்கு ஆகாதான்னு நாலு பேர் முன்னாடி ஒருதடவை கேக்கணும். அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்.

"ஊரே சிரிக்கும் பெனவ்தா."

"இப்ப சிரிக்கலையா? இப்ப பைத்தியம்னு சிரிக்கறாங்க. அப்புறம் வேற ஏதாவது சொல்லிச் சிரிக்கட்டும்."

பிறகு நான் என் வேலையைச் செய்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். தூக்கம், பசி, கனவு, கோபம், வீட்டில் பேச்சு, சாவைப் பற்றிய எண்ணம், எல்லாம் கேட்டேன். அவர் கால் சுற்றுக்குக் கால் சுற்று பதில் சொன்னார். கடைசியாக, கேட்கத் தயங்கியதைக் கேட்டேன்.

"அந்த பஸ்ஸை நெனப்பீங்களா?"

"தினமும்" என்றார். "நீங்க நெனக்கறதில்லையா?"

நான் அந்தப் பேருந்தில் இல்லை. ஆனால் அந்த வருடங்களில் இந்த நாட்டில் இருந்தேன். ஆமாம் என்று தலையசைத்தேன். மாடியில் எங்கோ காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, ஒரு பெண் கத்தினாள், தெரு முழுக்கக் குழாய்கள் இருமின. சான்றிதழை என் கைப்பையின் மேல் வைத்து, பரிசோதித்த நேரத்தையும் இடத்தையும் சேர்த்து, என் கையாலேயே முழுதும் எழுதி முத்திரை குத்தினேன்.

"நாளைக்கு நீங்களும் வாங்க" என்றார், காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. "துனியா சந்தோஷப்படுவா."

ஹஷ்மியைப் பற்றி அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கைராவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெனவ்தாவின் இரண்டு அறை வீடு. தெருவோர அறையில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள் நாங்கள், நடுவில் திரை போட்ட ஒரு கதவு. பாதாம் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே துனியா உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது, மருந்துக் கடையில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா எதிரே, இரண்டு கையையும் மடியில் வைத்து, விலை படியாத ஆட்டைப் பார்க்கிற மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு குடுக்கறாங்களாம், மாமாவா அப்பாவா?" என்றார் காற்றைப் பார்த்து.

"என் அப்பாதான்" என்றாள் துனியா. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் இமாமின் குரல் கேட்டது. பெண்ணின் பொறுப்பாளி யார் என்று கேட்டார். மிலூத் இருமினார். காகிதம் பிரியும் சத்தம். இமாம் வாசித்தார், முதலில் வாய்க்குள், பிறகு உரக்க: "...பரிசோதித்ததில், நாட்டின் அதிபர் பதவியை வகிக்க மனதாலும் உடலாலும் முழுத் தகுதி உடையவர் என்று சான்றளிக்கிறேன்."

பிறகு யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான் அது, கேலியில்லை. இமாமே சிரித்தார். "அப்புறம் என்ன? நாட்டையே குடுக்கலாம்னு இருக்கு" என்றார். துனியாவின் பிடி தளர்ந்தது.

அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா குரல். "அந்த முத்திரையைக் கொஞ்சம் காட்டுங்க இமாம். இது ஹஷ்மிக்குக் குடுத்த அதே டாக்டரம்மா இல்ல? தேர்தல் மாசம் தெரியாதவனுக்கும் இதே முத்திரைதானே குத்தியிருக்கு!"

இந்தமுறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. போன்கள் வெளியே வந்தன. டிவி, கழுதை என்று துண்டு துண்டாக என் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, ஏதோ கணக்கு தீர்ந்துவிட்டது போலத் தலையை ஆட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் பெனவ்தாவின் குரல் இல்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். எட்டு மாதம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

துனியா என் முகத்தைப் பார்த்தாள்.

எழுந்து திரையை விலக்கினேன். ஆண்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். பெனவ்தா பாயில் இமாமுக்கு எதிரே, வெள்ளைச் சட்டையில், கீழே பார்த்தபடி இருந்தார்.

"நான்தான் அந்த டாக்டர்" என்றேன். "ஹஷ்மியை நான் பரிசோதிக்கல. கார் கண்ணாடி வழியா ஒரு கேள்வி கேட்டேன். தேதி. அவருக்குத் தெரியல. தெரியலைன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேப்பர் பொய். ஞாயித்துக்கெழமை ஆபீஸ் தெறந்ததும் அதை ரத்து பண்ணி நானே எழுதி அனுப்புவேன். என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும்." எனக்கு மூச்சு வாங்கியது, ஐம்பத்தாறு படி ஏறினது போல. "இந்தப் பேப்பர் அப்படி இல்ல. இவரை நாப்பது நிமிஷம் பாத்தேன். அதுக்கு முன்னாடி எட்டு மாசம் பாத்திருக்கேன். இந்த அறையில இருக்கற எல்லாரையும் அப்படி உக்கார வச்சுப் பாத்தா எத்தனை பேருக்கு என்னால எழுதித் தர முடியும்னு தெரியல. எனக்கே எழுதிக்க முடியாது."

சித்தப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். போட்டுவிட்டு, சும்மாயிருக்க முடியாமல் தேநீர்க் கோப்பையை எடுத்தார், அது காலி.

இமாம் காகிதத்தை மடித்தார். பெனவ்தாவிடம் திருப்பிக் கொடுத்தார். "ஸீ பெனவ்தா," என்றார், "உங்க மகளை யாருக்குக் குடுக்கறீங்க?"

பெனவ்தா வாயைத் திறக்கவில்லை. ஒரு வினாடி. இரண்டு. மிலூத் முன்னால் சாய்ந்தார், சொல்லிக் கொடுக்கப் போகிறவர் போல. பிறகு தன்னை நிறுத்திக்கொண்டார். அந்த நிமிடத்தில் நான் மருத்துவராக இல்லை, வராந்தாவில் நின்று அழுத அந்தப் பழைய பெண்ணாகத்தான் இருந்தேன். கால் சுற்று, காத்திருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"என் மக துனியாவை," என்றார் பெனவ்தா. குரல் தெளிவாக வந்தது, அவசரமில்லாமல். "அவ சம்மதத்தோட, கத்தூர் மகன் அனிஸுக்கு, அல்லாஹ்வோட கட்டளைப்படி மனைவியாக் குடுத்தேன்."

மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றான். கைகள் உயர்ந்தன, ஃபாத்திஹா ஓதப்பட்டது. உள்ளறையில் முதல் குலவை கைராவுடையது, ஊரே கேட்டிருக்கும். இரண்டாவது குலவை கொஞ்சம் தாமதமாக, மனமில்லாத மாதிரித் தொடங்கிப் பிறகு பலத்தது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா.

புறப்படும்போது பெனவ்தா தெருமுனைவரை வந்தார், பலகாரப் பொட்டலத்தோடு. கைரா முன்னால் போய் டாக்ஸி தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார் விஷயம் எனக்குத் தெரியாது டாக்டரம்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்திருக்க மாட்டேன். உங்களுக்கு வேலை போயிடுமா?"

"போகலாம். பதினோரு மாசம்தானே."

"விசாரிப்பாங்க இல்ல? ஏன் போட்டீங்கன்னு?"

"கேப்பாங்க. களைச்சுப் போயிருந்தேன்னு சொல்லுவேன். வேற எதுவும் இல்ல சொல்றதுக்கு."

அவர் சிறிது நேரம் அதை யோசித்துக்கொண்டே நடந்தார், ஒரு குழாயில் எங்கே கசிகிறது என்று யோசிக்கிறவர் போல. "களைப்பு ஒரு நோயா டாக்டரம்மா? நோய்னா விட்ருவாங்கல்ல?"

"இல்ல பெனவ்தா" என்றேன். "அது நோயில்ல. நோயா இருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும்."